காற்றோட்ட உணரியா, காற்றுத் திணிவு உணரியா?

நண்பர்களே, வணக்கம்.

எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் 'மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரு'க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. 'காற்றோட்ட உணரி' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காற்றோட்டம் என்றதும் ஜன்னல்தான் நினைவுக்கு வரும். தவிர, அந்தக் கருவி அளப்பது வேறு: போகும் காற்றின் மாஸ் (mass).

காரில் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில், திராட்டிலுக்கு (காற்றைக் கூட்டிக் குறைக்கும் அடைப்பிதழுக்கு) முன்பாக இது செருகப்பட்டிருக்கும். உள்ளே மெல்லிய பிளாட்டினக் கம்பி, அல்லது படலம். அதை மின்சாரத்தால் சூடாக்கி, வரும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் வெப்பநிலையில் வைத்திருப்பார்கள். கடந்து போகும் காற்று கம்பியைக் குளிர்விக்கும். அந்தச் சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதை வைத்து ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, காற்றைக் கணக்கிடும். ஊட்டியில் காற்றின் அடர்த்தி குறைவு. அதே கன அளவு காற்று போனாலும் கம்பி அவ்வளவு குளிராது. ஆகவே உயரத்துக்கென்று தனித் திருத்தம் தேவையில்லை. பெட்ரோல் ஒரு கிராம் முழுதாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். கணக்கு கிராமில்தான், லிட்டரில் இல்லை.

1970களில் வந்த பாஷ் எல்-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் தெளிப்பு அமைப்பில் காற்று தள்ளித் திறக்கும் மடல் ஒன்று இருந்தது. அது கன அளவைத்தான் பார்த்தது. 'காற்றோட்ட உணரி' என்ற பெயரை அதற்குக் கொடுக்கலாம்.

மாஸ் என்பதற்கு நிறை என்று வைத்தால், 'காற்று நிறை உணரி' தமிழகப் பாடநூல்படி சரி. ஆனால் இலங்கையில் படித்தவர்களுக்கு நிறை என்றால் எடை. மாஸுக்கு அவர்கள் சொல்லும் 'திணிவு' இரு பக்கமும் குழப்பாது. என் ஓட்டு 'காற்றுத் திணிவு உணரி'க்கு.

மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதியில்) இருக்கும் அழுத்த உணரியை இதோடு சேர்க்க வேண்டாம். அது திராட்டிலுக்குப் பின்னால் அழுத்தத்தை மட்டும் பார்க்கிறது. காற்றின் வெப்பநிலை, எஞ்சின் சுழல்வேகம் இரண்டையும் சேர்த்துத் திணிவைக் கணக்கிடுவது ஈசியூவின் வேலை. இருக்கும் இடம் பழுது பார்க்கும்போதும் முக்கியம். திணிவு உணரிக்கும் திராட்டிலுக்கும் நடுவே குழாயில் விரிசல் விழுந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே போய் ஐடிலிங் தடுமாறும். அழுத்த உணரியை நம்பும் வண்டி அதே விரிசலைப் பெரிதாகப் பொருட்படுத்தாது.

இந்த அழுத்த உணரிக்கு, மேனிஃபோல்ட் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, 'பன்மடங்கு அழுத்த உணரி' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அழுத்தம் பல மடங்கு ஏறியதுபோல ஒலிக்கிறது! 'உள்ளிழுகுழல் அழுத்த உணரி' போதாதா? 'உள்ளிழு காற்று வெப்பநிலை உணரி' பற்றி யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம், இலங்கை நண்பர்களே, உங்கள் 'அமுக்கம்' இருக்கும்போது 'அழுத்தம்' உங்களுக்குச் சரிதானா?