நிழலும் சேறுமான சந்தில் வல்லாரை படருமா?

சந்துக்காரன்:
எங்கள் வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் 4 அடி அகலம், 22 அடி நீளத்தில் ஒரு சந்து இருக்கிறது. முன்முனையில் காலையில் 2 மணி நேரம் வெயில் விழும். உள்ளே போகப் போக அதுவும் கிடையாது. மண் சுத்தக் களி. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் பின்முனையில்தான் வந்து முடிகிறது. மழை விட்டு நான்கு நாள் கழித்துப் போனாலும் ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

முதலில் புல் வாங்கிப் பாய் மாதிரி விரித்தேன். ஒன்றரை மாதத்தில் மஞ்சளாகி, அழுகி, நாற்றமே வந்துவிட்டது. அப்புறம் ஜல்லி கொட்டினேன். அது மெல்ல மெல்லக் களிக்குள் இறங்கி மறைந்தது. இப்போது மண்வெட்டியை வைத்தால் "கடக்" என்று சத்தம் மட்டும் வருகிறது.

அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தண்ணி நிக்கிற இடத்துல, தண்ணில நிக்கிற செடியை வைடா, அதோட எதுக்கு மல்லுக்கட்டுற?" அதனால் வல்லாரை வைக்கலாம் என்று நினைக்கிறேன். நண்பர் கொடுத்த ஒரு தொட்டி ஏற்கெனவே கையில் இருக்கிறது. வட்ட வட்ட இலை, நல்ல பளபளப்பு, மூன்று மாதத்தில் தொட்டியைத் தாண்டி இறங்கித் தரையைப் பிடித்துவிட்டது. அதையே பிரித்து நட்டுவிடலாமா? சுவருக்குக் கெடுதல் வருமா? கொசு பெருகுமா? பின்முனையில் ஒரு வால்வு இருக்கிறது, வாரம் ஒருமுறை நடந்து போய்த் திருப்ப வேண்டும். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

வரப்போரம்:
நடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள் தம்பி. ஒரு இலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். காம்பு இலையின் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது? அதைச் சொன்ன பிறகு மற்றதைப் பேசுவோம். "மூன்று மாதத்தில் தொட்டியைத் தாண்டியது", "பளபளப்பு" என்ற இரண்டையும் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கல்லும்_மண்ணும்:
எதற்கு இந்தத் தலைவலி? சிமென்ட் போட்டு வாட்டம் கொடுத்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது.

சந்துக்காரன்:
@கல்லும்_மண்ணும் சார், யோசிக்காமல் இல்லை. சந்து முழுக்கச் சிமென்ட் போட்டால் அவ்வளவு தண்ணீரும் வாசலுக்குத்தான் வரும். இப்போது பாதியையாவது மண் குடிக்கிறது.

@வரப்போரம் அக்கா, பார்த்தேன். காம்பு இலையின் நட்டநடுவில் ஒட்டியிருக்கிறது, குடைக்குக் கம்பி மாதிரி. ஏன், அப்படி இருக்கக் கூடாதா?

வரப்போரம்:
நினைத்தேன். அது வல்லாரை இல்லை.

வல்லாரை இலையில் ஒரு பக்கம் பிளவு இருக்கும். குதிரைக் குளம்பையோ சிறுநீரகத்தையோ நினைத்துக்கொள்ளுங்கள். காம்பு அந்தப் பிளவில் வந்துதான் சேரும், நடுவில் சேராது. பூவிலும் வித்தியாசம் உண்டு. வல்லாரைப் பூ மங்கலான செந்நிறத்தில், இலைக்கு அடியில், மண்ணை ஒட்டி ஒளிந்திருக்கும். தேடினால்தான் தெரியும். உங்களிடம் இருப்பது தனிக்காம்பில் வெளுத்த சின்னப் பூங்கொத்தைத் தூக்கிக் காட்டும். அது ஹைட்ரோகோட்டைல், அமெரிக்கக் கண்டத்துச் சதுப்புகளில் பிறந்தது. அழகுச்செடியாக வந்து, வல்லாரை என்ற பெயரிலேயே கைமாறிக்கொண்டிருக்கிறது. உங்கள் நண்பரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் ஒருமுறை ஏமாந்தவள்தான். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸே 1753-இல் நம் வல்லாரைக்கு ஹைட்ரோகோட்டைல் ஏசியாட்டிகா என்றுதான் பெயர் வைத்தார். 1879-இல்தான் அது சென்டெல்லா ஏசியாட்டிகா ஆனது. இப்போது குடும்பமே வேறு: வல்லாரை கொத்தமல்லியின் சொந்தம், மற்றது அரேலியா வகையறா.

பெயர் மாறினால் என்ன, பச்சையாக இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். அது ஓடும் வேகம்தான் பிரச்சினை. ஒரு கணுத்துண்டு சாக்கடை வழியாக வாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், அங்கே கரை பிடித்துவிடும். தொட்டியிலேயே இருக்கட்டும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். தரையில் இறங்கியதை வேரோடு எடுத்து வெயிலில் சருகாகக் காயவைத்த பிறகு குப்பையில் போடுங்கள். தயவுசெய்து ஈரத்தோடு வெளியே வீசாதீர்கள்.

இனி உங்கள் சந்து. 22 அடியையும் ஒரே இடமாக நினைக்காதீர்கள். முன்முனை வேறு, நடு வேறு, குழாய் முனை வேறு. வல்லாரைக்கு ஈரமும் அரைநிழலும் பிடிக்கும், அதற்காக இருட்டு பிடிக்கும் என்று அர்த்தமில்லை. வெளிச்சம் குறையக் குறையக் காம்பு நீண்டு, இலை பெரிதாகி, கடைசியில் சாய்ந்து விழும். நடந்து போகும்போது எங்கே இலை அகலமாகிக் காம்பு நீளத் தொடங்குகிறதோ, அதோடு வல்லாரையின் எல்லை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் சந்தில் முன்னிருந்து 16, 17 அடி வரை வரும் என்று நினைக்கிறேன். குழாய்க்கு அடியில் எதுவும் நட வேண்டாம். தண்ணீர் விழுகிற இடத்தில் நாலு தட்டைக் கல் போட்டு, அங்கிருந்து முன்பக்கமாக 2 அங்குல ஆழத்தில் ஓர் ஓடை கீறிவிடுங்கள். ஓரிடத்தில் தேங்கும் தண்ணீர் சந்து முழுக்கப் பரவினால் அதுவே செடிக்குப் பாசனம்.

சுவரை வல்லாரை வேர் ஒன்றும் செய்யாது, அது மேலாகவே ஓடுகிற வேர். சுவரைக் கெடுப்பது அதன் அடியில் நிற்கும் தண்ணீர்தான். வீட்டுச் சுவரிலிருந்து ஓரடி விட்டுவிடுங்கள், மண் அந்தப் பக்கம் கொஞ்சம் உயர்ந்து மதில் பக்கம் சரியட்டும்.

களி ஈரமாக இருக்கும்போது கொத்தாதீர்கள், காய்ந்ததும் செங்கல் ஆகிவிடும். மணல் கலக்கும் யோசனையும் வேண்டாம், அது இன்னும் இறுகும். மேலாக 2 அங்குலம் மக்கிய இலை உரம் பரப்பினால் போதும். ஆனால் அதற்கு முன்னால் கோரையை எடுத்தாக வேண்டும், கிழங்கோடு, ஒன்று விடாமல். வல்லாரை படர்ந்த பிறகு நடுவில் கோரை எட்டிப் பார்த்தால் இரண்டையும் சேர்த்துப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. நான் அப்படி இரண்டு வருட வல்லாரையைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

விதைக்காகக் காத்திருக்காதீர்கள். மூன்று கணு உள்ள துண்டாக ஒரு சாண் இடைவெளியில் படுக்கவைத்து, நடுக்கணுவை மண்ணில் அழுத்துங்கள். உங்கள் அளவுக்குச் சுமார் 90 துண்டு வேண்டும். அதற்கு நாலைந்து நல்ல தாய்ச்செடி இருந்தால் ஒரு பருவத்தில் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

தவளைச்சத்தம்:
அக்கா சொன்னதில் கொஞ்சம் சேர்க்கிறேன். முன்முனையில் வெயில் விழும் இரண்டு மூன்று அடிக்கு நீர்ப்பிரமி வையுங்கள். சின்னச் சின்னச் சதைப்பற்றான இலை, வெளிறிய ஊதாப் பூ, தண்ணீர் மேலே ஏறினாலும் கவலைப்படாது. வல்லாரைக்கும் பிரமி என்று பெயர் சொல்பவர்கள் உண்டு, அதனால் கேட்டு வாங்கும்போது இலையைப் பாருங்கள். பொடுதலையும் நம் ஈரநிலச் செடிதான், மிதியையும் தாங்கும், ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும். உங்கள் சந்தில் அது ஏங்கிப் போய்விடும். வால்வுக்குப் போக ஓரடிக்கு ஒரு கல் பதித்துவிடுங்கள், வல்லாரை மிதியைத் தாங்காது.

கொசு ஈரமண்ணில் வராது, தேங்கின தண்ணீரில்தான் வரும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதற்குள் குட்டை வற்றிவிட்டால் பயமில்லை. உங்கள் செருப்பு புதைகிற குழிகளை முதலில் நிரப்புங்கள். எனக்குக் கொசுவைவிட நத்தைதான் தொல்லை. இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவேன், வேறு எதுவும் எனக்குப் பலிக்கவில்லை.

இன்னொன்று. துணி துவைத்த தண்ணீர், கழிவுநீர் எதுவும் அந்தப் பக்கம் வருகிறதா? வந்தால் அந்த வல்லாரையை வாயில் வைக்காதீர்கள். மண்ணில் இருக்கும் உலோகங்களை இழுத்துக்கொள்ளும் செடி அது. தரைக்குப் பச்சை, அவ்வளவுதான்.

சந்துக்காரன்:
ஐந்து மாதம் கழித்து வருகிறேன். சொன்னபடியே செய்தேன், ஓடை கீறியதைத் தவிர. சோம்பல். அதன் பலனாகப் பெருமழையில் கடைசி இரண்டு வரிசை மிதந்து வந்து வாசலில் கிடந்தது. பொறுக்கி எடுத்து மறுபடி நட்டேன், ஓடையும் கீறினேன். கோரை எடுக்க மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. போனஸாக என் பழைய ஜல்லியில் இரண்டு கூடை திரும்பக் கிடைத்தது, அதைக் குழாய்க்கு அடியில் போட்டுவிட்டேன்.

இப்போது முன்னிருந்து 14 அடி வரை மண் தெரியவில்லை. அதற்கப்பால் காம்பு ஒரு சாண் நீண்டு சாய்கிறது, ஆக அக்கா சொன்ன எல்லை எனக்கு 14-இலேயே வந்துவிட்டது. மீதியில் தானாகப் பாசி பிடித்திருக்கிறது, அதுவும் பச்சைதானே என்று விட்டுவிட்டேன். அம்மா தினம் போய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நேற்று அடியில் பூ கண்டுபிடித்தார்.

அந்த நடுக்காம்புக்காரன் தட்டோடு மாடியில் இருக்கிறான். தட்டையும் தாண்டப் பார்க்கிறான்.

வரப்போரம்:
தாண்டுகிற நுனியை வாரம் ஒருமுறை வெட்டுங்கள். வெட்டினதைக் காயவைக்க மறக்காதீர்கள்.