கொறங்காட்டு வேலி அடைக்கத் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

எல்லோருக்கும் வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் கொறங்காடு, அதாவது ஆடு மாடு மேயும் மானாவாரிப் புல்காடு, இருக்கிறது. அப்பா அதைக் கிளுவை என்ற முள்செடியால் ஆன உயிர்வேலி போட்டு மூன்று பட்டிகளாகப் பிரித்து வைத்திருந்தார். ஒரு பட்டியில் மாடு மேயும்போது மற்ற இரண்டும் ஓய்வில் இருக்கும். கொழுக்கட்டைப் புல் தூரோடு போகுமுன் மாட்டை அடுத்த பட்டிக்கு மாற்றிவிடுவார். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேல மரங்களின் காய் உதிரும். செம்மறிகள் அதைத் தின்றே நாளை ஓட்டிவிடும்.

அவர் போனபின் நான் வெளியூரில் இருந்துவிட்டேன். வேலியில் சந்து விழுந்து, கண்ட ஆடும் நுழைந்து மேய்ந்ததில் ஒரு பட்டி வெறும் செம்மண்ணாகிவிட்டது. ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். போன மழைக்கு மேல்மண் கரைந்து ஓடியதைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன்.

கிளுவைப் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டித் தர யாராவது இருக்கிறீர்களா? எந்த மாதம் நட்டால் பிடிக்கும் என்றும் சொல்லுங்கள். கொழுக்கட்டைப் புல் விதை 10 கிலோ வேண்டும். புது விதை சரியாக முளைக்காது என்பதால் போன வருசத்து விதையாக இருந்தால் நல்லது.

அப்புறம் இன்னொன்று. வேலி அடைத்துப் பழகிய பெரியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக்கொடுத்தால், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேரையாவது கூட்டி வருகிறேன். சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அழைத்துவரவும் நானே வருகிறேன்.