செம்பருத்தியில வெள்ளையா பெருசா ஏதோ ஊருது, சொரக்காய் பிஞ்சும் நிக்கல, உதவுங்க

மொட்டமாடி_கோவை:
எல்லாருக்கும் வணக்கம்ங்க, கோயம்புத்தூர்ல மாடித்தோட்டம் வச்சிருக்கேன். செம்பருத்தி கொழுந்து பூரா மாவுப்பூச்சி, வாராவாரம் வேப்பெண்ணெய் அடிக்கிறேன், ரெண்டு நாள் அடங்கும் மறுபடி வந்துரும். இப்ப புதுசா என்னன்னா அந்த மாவுப்பூச்சிக்கு நடுவுல அதே மாதிரி வெள்ளையா ஆனா ரெண்டு மூணு மடங்கு பெருசா, உடம்பெல்லாம் நூல் நூலா தொங்கிட்டு ஒண்ணு ஊருது. இது தாய்ப்பூச்சியா? எதை அடிச்சா சாகும்? கடைல ஒரு மருந்து குடுத்தாங்க இன்னும் பிரிக்கல. இன்னொண்ணு, சொரக்காய் பிஞ்சு கட்டைவிரல் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துருது, தேனீயே வர்றதில்ல. செண்டுமல்லி வச்சா வரும்னாங்க, பந்து பந்தா பூத்து நிக்குது, ஒரு ஈ கூட எட்டிப் பாக்கல. மஞ்சள் ஒட்டுப்பொறியும் தொங்க விட்டிருக்கேன்.

பூச்சிப்பித்தன்:
மருந்தை பிரிக்காதீங்க!! அந்த பெரிய வெள்ளையை குச்சியால லேசா தொட்டுப் பாருங்க, வேகமா நகருதா? அப்புறம் செடில எறும்பு ஏறுதா?

மொட்டமாடி_கோவை:
ஆமாங்க நல்லா வேகமா ஓடுது. எறும்பு வரிசையா போயிட்டு வந்துட்டு இருக்கு, கறுப்பு எறும்புதான் கடிக்காது.

பூச்சிப்பித்தன்:
அப்ப நீங்க குடுத்து வச்சவங்க. அது மாவுப்பூச்சி இல்ல, மாவுப்பூச்சியைத் திங்கிற பொறிவண்டோட புழு, கிரிப்டோலேமஸ்னு பேரு. ஆஸ்திரேலியாக்காரன், 1898-லயே காப்பித் தோட்டத்துக்குன்னு நம்ம பக்கம் கொண்டாந்தாங்க. புழுவா இருக்கறப்ப வெள்ளை மெழுகு வேஷம், இரையை மாதிரியே இருக்கும், அதனாலதான் பாதிப்பேர் நசுக்கிப் போட்டுர்றாங்க. மாவுப்பூச்சி அசையறதே தெரியாது, இது விறுவிறுன்னு நடக்கும், அதான் அடையாளம். வளந்த வண்டு மிளகு அளவுதான் இருக்கும், முதுகு கறுப்பு, தலையும் பின்பக்கமும் ஆரஞ்சு.

உங்க நிஜ பிரச்சனை எறும்பு. மாவுப்பூச்சி விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுக்கு காவல் நிக்கும், பொறிவண்டு வந்தா விரட்டி விட்டுரும். தொட்டி வச்சிருக்க ஸ்டாண்டு கால் நாலையும் கிண்ணத்துல சோப்புத் தண்ணி ஊத்தி வைங்க (வெறும் தண்ணி வச்சா கொசு வரும்), செடி செவுத்தையோ பக்கத்து கொடியையோ தொடாம பாத்துக்கங்க, இல்லேன்னா அந்த வழியா ஏறிடும்.

கீரைக்காரம்மா:
தம்பி வேப்பெண்ணெய் இயற்கைதானே, அதுனால பொறிவண்டுக்கு என்ன ஆகப்போகுது? நான் அடிச்சிட்டுதான் இருக்கேன்.

பூச்சிப்பித்தன்:
அக்கா இயற்கைங்கறதுக்காக ஆள் பாத்து கொல்லாதுங்க. எண்ணெயும் சோப்பும் எது மேல பட்டாலும் அந்த மெத்துனு உடம்பு புழுவுக்கு ஆபத்துதான். அடிக்கவே கூடாதுன்னு சொல்லல, புழு இருக்க கிளையை விட்டுட்டு மத்த இடத்துல மட்டும், சாயங்காலம், அதுவும் ரொம்ப முத்திப் போனாத்தான். அதுக்கு முன்னாடி தண்ணி பைப்பை வேகமா அடிச்சாலே பாதி கொட்டிரும்.

தாராபுரத்தான்:
ஒட்டுப்பொறியையும் கழட்டுங்க. வெள்ளை ஈ கூடவே மாவுப்பூச்சியை அழிக்கிற குட்டிக் குளவிங்களும் ஒட்டி சாகும். 2008-ல பப்பாளி மாவுப்பூச்சி நம்ம கோயம்புத்தூர்லதான் மொதல்ல தென்பட்டுச்சு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு ஒண்ணு விடல, எத்தனை மருந்து அடிச்சும் கேக்கல. 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒரு பொடிக்குளவி வரவழைச்சு விட்டப்புறம்தான் அடங்குச்சு. பாத்தா குளவின்னே சொல்ல மாட்டீங்க, எள்ளை விட சின்னது, அதெல்லாம் மஞ்சளைக் கண்டா நேரா போய் ஒட்டிக்கும்.

கீரைக்காரம்மா:
சரிப்பா கிளை பாத்து அடிக்கிறேன். சொரக்காய்க்கு நான் சொல்றேன், அதுக்கு தேனீயை எதிர்பாத்து பிரயோஜனமே இல்ல, பூ பொழுது சாய்ஞ்சுதான் விரியும், ராத்திரி அந்துப்பூச்சிதான் வரணும், மாடிக்கு அது எப்ப வர்றது. சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு ஆண்பூவை பறிச்சு இதழைக் கிள்ளிட்டு, அடியில குட்டிக்காய் இருக்குமே அந்த பெண்பூ நடுவுல தடவி விடுங்க. புடலைக்கும் அப்டித்தான். பூசணி மட்டும் விடியக்காலை. இதுக்கப்புறமும் உதிர்ந்தா தொட்டி சின்னதா இருக்கும், இல்ல பழ ஈ குத்திருக்கும், பிஞ்சை வெட்டிப் பாருங்க.

பூச்சிப்பித்தன்:
அக்கா சொன்னது கரெக்ட். செண்டுமல்லி விஷயம், அந்த பந்துப்பூல இதழ்தான் இருக்கும் மகரந்தம் கைக்கு எட்டாது, பூச்சி வந்து என்ன பண்ணும். ஒத்தை அடுக்கு நாட்டு ரகம் தேடிப் பிடிங்க. அதை விட நல்லது சமையக்கட்டு கொத்தமல்லி விதையையும் சோம்பையும் ஒரு டப்பால தூவி பூக்க விட்டுருங்க, பறிக்காதீங்க, பொடிப்பொடி பூ, சின்ன வாய் பூச்சிக்கெல்லாம் தோது, குளவி, ஹோவர் ஃப்ளை (அந்தரத்துல அப்டியே நிக்குமே அந்த ஈ) எல்லாம் வரும். துளசியும் பூக்கட்டும், கொசுத்தேனீக்கு உசுரு. ஓரத்துல ரெண்டு தட்டைப்பயறு போடுங்க, அதுல அசுவினி (சாறு உறிஞ்சுற பொடிப்பூச்சி) வரும், வந்தா பதறாதீங்க, பொறிவண்டுக்கு அதான் சாப்பாடு. சாப்பாடே இல்லாத வீட்டுக்கு எவன் வருவான். கத்தரி தக்காளிக்கு தேனீ வேணும்னு இல்ல, கருவண்டு ரீங்காரமா பூவை உலுக்குமே அதை விரட்டாம இருங்க.

மொட்டமாடி_கோவை:
ரொம்ப நன்றிங்க, பொறியை கழட்டிட்டேன், கிண்ணமும் வச்சாச்சு. ஒரே ஒரு டவுட்டு, கத்தரி இலைல மஞ்சளா முள்ளு முள்ளா ஒரு புழு இருக்கு, கூடவே செம்பு கலர்ல நிறைய புள்ளி போட்ட வண்டும் இருக்கு. அதுவும் பொறிவண்டுதானே, விட்டுறவா?

தாராபுரத்தான்:
விட்டுறாதீங்க சாமி! அது எபிலாக்னா, அந்தக் குடும்பத்துல இலை திங்கிற கிளை. வண்டு பளபளன்னு இல்லாம மங்கலா இருக்கும், இலை பச்சையைச் சுரண்டி சல்லடை மாதிரி நரம்பை மட்டும் விட்டு வைக்கும். இலைக்கு அடில மஞ்சள் முட்டை நிமிந்து கும்பலா நிக்கும். ஆனா நல்ல பொறிவண்டு முட்டையும் அப்டித்தான் இருக்கும், அதனால சல்லடையான கத்தரி இலைல இருக்கறதை மட்டும் கிள்ளி சோப்புத் தண்ணில போடுங்க.

மொட்டமாடி_கோவை:
சரிங்ணா, இப்பவே டார்ச் எடுத்துட்டு போறேன், சொரப்பூவும் விரிஞ்சிருக்கும்.