மகனின் நிறை கூடிக்கொண்டே போகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் பரந்தனுக்குக் கிட்ட இருக்கிறோம். மகனுக்கு 12 வயது, டவுன் சின்ட்ரோம் (பிறப்பிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை). விசேட கல்வி அலகில் படிக்கிறான். ஒரு வருசத்தில் 9 கிலோ கூடிவிட்டது. காற்சட்டைப் பொத்தான் எட்டாமல் ஊசி குத்தித்தான் பள்ளிக்கூடம் அனுப்புகிறேன்.

இப்படியான பிள்ளைகளின் உடல் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியே குறைவு. தசைத் தளர்வும் சேர்ந்துகொள்ளும். தைரொயிட் குறைபாடும் அவர்களுக்குக் கூடுதலாக வரும் என்பதால் இரத்தம் சோதித்தோம். அது சரியாக இருக்கிறது.

சிக்கல் எங்கள் பாசத்தில்தான். அப்பம்மா சீனி அள்ளிப் போட்டுப் பால் தேத்தண்ணி கொடுப்பா. கடைக்காரர் கூப்பிட்டுப் பணிஸ் கொடுப்பார். வகுப்பில் எழுதி முடித்தால் ஒரு ரொபி. பாவம் பிள்ளை என்றுதான் எல்லோரும் கொடுக்கிறார்கள், ஆனால் போதும் என்று சொல்ல அவனுக்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் உட்பட, நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடல் அசைவு வேண்டும் என்கிறது. பின்னேரம் கிரிக்கெட்டுக்குப் போனால் பெடியள் இவனைப் பந்து பொறுக்க மட்டும் விடுகிறார்கள். அதற்கே சிரித்துக்கொண்டு நிற்பான்.

ரொபிக்குப் பதிலாக என்ன கொடுத்துப் பழக்கினீர்கள்? கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இப்படிப் பிள்ளைகளைப் பொறுமையாகப் பார்க்கும் போசணை ஆலோசகர் யாராவது இருக்கிறார்களா? அப்புறம், மாமி மனம் நோகாமல் சீனியைக் குறைக்கச் சொல்வது எப்படி?