பதில்: சங்கத் தோட்டம், தலைக்கு 50,000 (அனுப்புததுக்கு முந்தி ஒருக்கா படிங்க)

அண்ணாச்சிமார், அத்தான்மார், மைனிமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு வாரமா மடல் மேல மடலா வந்து குமியுது. ஒரு கூட்டம் நம்ம ஊர்ச் சங்கத்துக்குன்னு வசூல் பண்ணி வாங்குன நாலு ஏக்கர் தோட்டத்த இப்பவே வித்துரணும், இந்த ரேட்டு இனி வராதுங்கு. இன்னொரு கூட்டம் விக்கவன் மடையன், தலைக்கு 50,000 போட்டு பக்கத்துல கெடக்க ஆறு ஏக்கரையும் வளைச்சுப் போட்டா பிள்ளையளுக்கு டாக்டர் சீட்டே வாங்கிரலாம்ங்கு. நான் ரெண்டு கச்சியிலயும் இல்ல. எனக்கு ஒரே ஒரு கேள்விதான், போன ஆண்டுவிழாவுலயும் கேட்டேன், சாப்பாடு ஆறுதுன்னு சொல்லி எந்திரிச்சுட்டிய. அந்த நாலு ஏக்கர் இன்னைக்குத் தேதிக்கு யாரு பேருல இருக்கு?

இப்ப திரும்பக் கேக்கதுக்குக் காரணம் எங்க அம்மா. தசரா முடிஞ்சு குலசையில (குலசேகரன்பட்டினம்) இருந்து வார வழியில ஆட்டோவ நிறுத்தச் சொல்லி தோட்டத்துக்குள்ள போயிருக்கா. வடக்கு வேலியக் காணல. பனை ஏழெட்டு ஜேசிபி வச்சு வேரோட தள்ளிக் கெடக்கு. பனைய வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021லயே சொல்லியாச்சு, அதெல்லாம் யாரு கேக்கா. மஞ்ச பெயிண்ட் அடிச்ச கல்லு வரிசையா நட்டுருக்கு, ரோட்டோரத்துல ராக்கெட் படம் போட்ட பெரிய பிளக்ஸ். ஜேசிபி ஓட்டுத பையன்ட்ட இது யாரு இடம்லன்னு கேட்டா, எங்க முதலாளி இடம் பாட்டி, நீங்க யாருன்னு திருப்பிக் கேக்கான். எங்க அம்மாவப் பாத்து. அந்த வேலிக்கு முள்ளு வெட்டிப் போட்டதே அவகிட்ட படிச்ச பிள்ளைய.

அவ போன் வச்சதும் நான் பதிவுத்துறை வெப்சைட்டுல வில்லங்கச் சான்று போட்டுப் பாத்தேன். காசு கூட கேக்கல, ஊரு பேரும் சர்வே நம்பரும் இருந்தா போதும், இத்தன வருஷத்துல நம்மள்ல ஒருத்தரும் பாக்கலங்கதுதான் கொடுமை. 1987ல வாங்குன கிரயம் இருக்கு. அன்னைக்கு சங்கத்துக்குப் பதிவு கெடையாது, அதனால மிலிட்டரி மாமா, கருப்பட்டிக்கடை தாத்தா, போஸ்ட்மாஸ்டர் மூணு பேரு பேருல. அதுக்குக் கீழ பல வருஷம் ஒன்னுமில்ல. அப்புறம் 2024 ஜூன்ல ஒரு பொது அதிகாரப் பத்திரம், அதான் பவர். குடுத்தது கருப்பட்டிக்கடை தாத்தாவோட பேரன். வாங்குனது யாருன்னு உங்களுக்கே தெரியும், அந்தப் பிளக்ஸ் போட்ட ஆளு.

தேதியப் பாருங்க. குலசை ராக்கெட் ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டுனது 2024 பிப்ரவரி 28. நாலு மாசத்துல பவர் பதிவாயிருக்கு. நாம மே மாசம் ஆண்டுவிழாவுல பிரியாணியா சாம்பார் சாதமான்னு ஓட்டெடுப்பு நடத்திக்கிட்டு இருந்தோம்.

இப்ப விக்கணுங்கவங்களுக்கு. யாரு கையெழுத்துப் போடுவா? மூணு பேர்ல ரெண்டு பேரு போயாச்சு. மிலிட்டரி மாமாவுக்கு அஞ்சு பிள்ளைய, அதுல ஒரு அக்கா நம்ம சங்கத்தோட பேச்சுவார்த்தையே கெடையாது, காரணம் எல்லாருக்கும் தெரியும், அத இங்க கிண்ட வேண்டாம். போஸ்ட்மாஸ்டர் தாத்தா இருக்காவ, ஆனா காலைல பாத்த ஆள சாயங்காலம் தெரியாது. அவியட்ட பவர் எழுதி வாங்கிரலாம்னு சிங்கப்பூர் அத்தான் எழுதிருந்தாவ. அத்தான், புரியாத மனுசன்ட்ட கைநாட்டு வாங்குனா அது பவர் இல்ல, கேஸு. ஒழுங்காவே வாங்குனாலும் பவர் வச்சு விக்கும்போது குடுத்தவர் உயிரோட இருக்காருன்னு டாக்டர் சர்டிபிகேட் கேப்பாவ. வெறும் பவர வச்சு சொத்து கை மாறாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே 2011ல சொல்லியாச்சு.

பாதி வெள்ள பாதி கருப்புன்னு புரோக்கர் சொல்லுதான்லா, அதுக்கும் ஒன்னு சொல்லிருதேன். சொத்து வித்த காசு 20,000மோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது, வாங்குனா வாங்குன அளவுக்கே அபராதம். அது போக நாளைக்கு ரோட்டுக்கோ விண்வெளிப் பூங்காவுக்கோ கவர்மெண்டு நெலம் எடுத்தா, இழப்பீட்டுக்கு முக்கியமாப் பாக்கது பக்கத்துல மூணு வருஷமா பதிவான பத்திரத்து விலைய. எல்லாரும் கொறச்சு எழுதி எழுதி, நம்ம ஊரு விலைய நாமளே கீழ தள்ளி வச்சிருக்கோம். நோட்டீஸ் வந்தப்புறம் எங்க இடம் கோடி பெறும்னு கத்துனா எவன் கேப்பான்?

வரியே வராதுன்னு ஒரு அண்ணாச்சி சொன்னது பாதி சரி. கிராமத்து விவசாய நெலத்துக்கு மூலதன ஆதாய வரி (வித்த லாபத்துக்குப் போடுத வரி) கெடையாதுதான். ஆனா பக்கத்து டவுனு ஜனத்தொகை 10,000த்துக்கு மேல இருந்தா, அந்த எல்லையில இருந்து நேர்கோட்டுல 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கணும். நம்ம தோட்டம் உடன்குடியில இருந்து அளந்தா எப்படி வருதுன்னு யாராவது பாத்தியளா? பிளாட் போட்டு வித்தா அந்தச் சலுகையும் போச்சு.

வாங்கணுங்கவங்களுக்கு. நம்ம குரூப்புல அநேகமா எல்லாரும் வெளிநாட்டுல இருக்கோம். வெளிநாட்டுல குடியிருக்கவன் இந்தியாவுல விவசாய நெலம் வாங்கக் கூடாது, அப்பா தாத்தா வழியா வந்தா வச்சுக்கலாம், அத விக்கதும் இங்க இருக்க இந்தியனுக்குத்தான். இது அந்நியச் செலாவணிச் சட்டம், எங்க ஆபீஸ்ல இதுக்குன்னே மாசம் ரெண்டு பேரு அழுதுக்கிட்டு வருவான். ஆக ஆறு ஏக்கர் யாரு பேருல பதிவாகும்? மும்பை சித்தப்பா, வக்கீல் தம்பி, ரெண்டே பேருதான் மிச்சம். அவிய மேல எனக்குச் சந்தேகம் கெடையாது. 1987லயும் யாருக்கும் யாரு மேலயும் சந்தேகம் இல்ல.

அப்புறம் இந்த ராக்கெட். குலசைய எதுக்கு எடுத்தாவன்னு தெரியுமா? இங்க இருந்து விட்டா நேரா தெக்க கடலு. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெக்க விடுததுன்னா இலங்கையச் சுத்தி வளைச்சுப் போவணும், சின்ன ராக்கெட்டுக்கு அந்த எரிபொருள் கட்டுபடியாகாது. அதுக்குத்தான் 2,000 ஏக்கருக்கு மேல எடுத்தாவ. பெரும தான், நானும் ஆபீஸ்ல எங்க ஊருப் பக்கம்னு சொல்லி மிட்டாய் குடுத்தேன். ஆனா ஏவுதளம் கார் கம்பெனி இல்ல, ஷிப்டுக்கு ஆயிரம் பேரு வந்து வாடகைக்கு வீடு தேட மாட்டான். ஸ்ரீஹரிகோட்டாவுல 1971ல இருந்து ராக்கெட் விடுதாவ, பக்கத்து சூளூர்ப்பேட்டை இன்னும் சின்ன டவுனுதான். அந்தப் பக்கம் பெரிய பெரிய கம்பெனி வந்தது 2008ல ஸ்ரீசிட்டி தொழில்நகரம் தொறந்த பொறவு. நம்ம பக்கமே நாங்குநேரியப் பாருங்க, தொழில்பூங்கா வருதுன்னு வாங்கிப் போட்டவன் பேரனுக்கும் கல்யாணம் ஆயாச்சு. தூத்துக்குடி கார் கம்பெனி, ஏர்போர்ட்டுல புது டெர்மினல் எல்லாம் நெசந்தான், ஆனா அதோட காத்து நம்ம செம்மண் தேரிக்காட்டு வரைக்கும் அடிக்கும்னு சொல்லுதது புரோக்கர் மட்டுந்தான்.

என் பேச்சு இவ்வளவுதான். 50,000 யாரும் அனுப்பாதிய. தலைவரோட சொந்த அக்கவுண்டுக்கு ஜிபேல போட்டு ஸ்கிரீன்சாட் போடுததுக்குப் பேரு வரவு இல்ல. மொதல்ல மூலப்பத்திரம் யாரு பெட்டியில இருக்குன்னு சொல்லுங்க.

டீச்சர் மக, மஸ்கட்

———

ஷார்ஜாவில் இருந்து தலைவர்:

தங்கச்சி, கணக்குப் பாக்க வேலை உனக்கு ஆபீஸ்ல இருக்கட்டும். என் அக்கவுண்டுல போடச் சொன்னது சங்கத்துக்கு இன்னும் அக்கவுண்டு தொறக்கலங்கதால, இத இவ்வளவு பேரு மத்தியில கேட்டது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு. உனக்கு மஸ்கட்டுல மொத மொத விசா எடுத்துக் குடுத்தது யாருன்னு உங்க அம்மாட்ட கேட்டுப்பாரு, நான் சொல்ல மாட்டேன். 1987ல எங்க அப்பா பம்பாயில மளிகைக்கடையில நின்ன காசுல, ஊருலயே மொத ஆளா, எல்லாத்தையும் விட அதிகமாக் குடுத்தாவ. அப்படிக் குடுத்த குடும்பத்து ஆளுக்குத்தான் அந்த இடத்துக்கு ஒரு நல்லது நடக்கணும்னு துடிக்கும். பக்கத்து ஊருக்காரன் ஆர்ச்சு வச்சு கல்யாண மண்டபம் கட்டிட்டான், நாம இன்னும் சர்வே நம்பர் பேசிக்கிட்டு இருக்கோம்.

———

மும்பை சித்தப்பா:

பிள்ளைகளா சண்ட போடாதிய. அந்த வடக்கு வேலி ஓரமாத்தான் கருப்பட்டி காய்ச்சுத குடிசை, விடிலி இருந்துச்சு. காலைல பள்ளிக்கூடம் போம்போது பனையோலைப் பட்டை பிடிச்சு பயினி (பதனீர்) குடிச்சுட்டுத்தான் போவோம், மாங்கா சீசன்னா உள்ள ரெண்டு துண்டு கீறிப் போட்டுத் தருவாவ. கருப்பட்டிக்கடைத் தாத்தா கூப்பனி (பதனீர்ப் பாகு) காய்ச்சுத வாசம் ரோடு வரைக்கும் வரும். அவரு பேரனா இப்படிப் பண்ணிட்டான். இப்ப உடன்குடி கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு குடுத்துருக்காவ, ஏறத்தான் ஆளில்ல. இங்க நான் வாங்குத கருப்பட்டியில பாதி சீனி.

என் பேருல பத்திரம் போடுத பேச்சு எடுக்காதிய. 2011 கோயில் கொடையில வரவு செலவுக் கணக்கு கொஞ்சம் இடிச்சதுக்கு என் மகன் கல்யாணத்துக்கு வராம இருந்தவங்க இந்த குரூப்புலயே இருக்கிய. எனக்கு இந்த வயசுல அது வேண்டாம்.

———

வக்கீல் தம்பி (ஊரில் இருந்து):

அக்கா சொன்ன பவர் பத்தி எனக்குப் போன மாசமே தெரியும். அந்தப் பையனுக்கு அப்பா ஆஸ்பத்திரிச் செலவு, நம்ம சங்கத்துக்கு உதவி கேட்டு மனு குடுத்தான், யாரும் பதில் போடல. அதையும் பேசணும்லா.

சட்டப்படி பாத்தா அவன் குடுத்த பவர் எப்படிப் பாத்தாலும் அவன் அப்பா பங்குக்கு மேல செல்லாது. அவன் அப்பா கூடப் பொறந்தவங்களே நாலு பேரு. பாகம் பிரிக்காத இடத்துல வடக்குப் பக்கம் ஒன்னேகால் ஏக்கர்னு நாலு மால் (நாலு பக்க எல்லை) போட்டு எழுதுனதே தப்பு. இடைக்காலத் தடை கேக்கலாம், சார்பதிவாளருக்கு ஆட்சேபணை மனு இன்னைக்கே குடுக்கலாம், பனை வெட்டுனதுக்குத் தாசில்தார்ட்ட தனிப் புகார். ஆனா கோர்ட்டுல மொத கேள்வி, இது சங்கத்து இடங்கதுக்கு என்ன சாட்சி? பத்திரத்துல மூணு பேரு பேருதான் இருக்கு, சங்கம்னு ஒரு வார்த்தை இருக்கான்னு நகல் எடுத்துப் பாக்கணும். இல்லன்னா அன்னைக்கு வசூல் பண்ணுன நோட்டு வேணும். அத யாரு எழுதுனாவ?

———

மஸ்கட்டில் இருந்து:

தம்பி, வசூல் நோட்டு எழுதுனது எங்க அம்மா. நோட்டு பத்திரமா வீட்டுலதான் இருக்கு, மண்ணெண்ண ரேஷன் கார்டு கூட சேத்துக் கட்டி வச்சிருக்கா. தெரு வாரியா, பேரு வாரியா, ரெண்டு தவணை, ஒவ்வொருத்தர் கையெழுத்தோட. நாளைக்குக் காலைல வந்து ஒரு ரசீது எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ, ரசீது இல்லாம அம்மா தர மாட்டா, நான் சொன்னேன்னு சொன்னாலும் தர மாட்டா. அந்தப் பையன் மனு எனக்கு வரவே இல்ல, யாருக்கு அனுப்புனான்னு கேட்டு எழுது. ஆஸ்பத்திரிக்கு என் பங்கு இந்த மாசமே அனுப்புதேன், அவன் அக்கவுண்டுக்கு, நேரா.

தலைவர் அண்ணாச்சி, விசாவ நான் மறக்கல, எங்க அம்மாவும் மறக்கல. ஆனா நோட்டுல பதினாலாவது பக்கம் போட்டோ எடுத்து அனுப்பிருக்கா, உங்களுக்குத் தனியா அனுப்புதேன். உங்க அப்பா பேருக்கு நேரா மொத தவணை வரவு இருக்கு. ரெண்டாவது தவணை பாக்கி, பம்பாயில இருந்து வந்ததும் தருவாருன்னு எழுதிருக்கு.