புதுப்பிப்பு: கோகோபீட் தக்காளியும் வேம் பூஞ்சையும்

வேளச்சேரி மொட்டை மாடியில, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பையில வச்ச தக்காளிக்கு வேம் (VAM, வேருக்குள்ள வாழ்ந்து செடிக்கு மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், எடுத்துத் தர்ற பூஞ்சை) போட்டும் பலனில்லைன்னு மூணு மாசம் முன்னாடி எழுதியிருந்தேன். காரணம் உரம்தான். வாராவாரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சம அளவுல இருக்கிற உரம்) ஊத்தினேன். மணிச்சத்து தாராளமா கிடைச்சா செடி பூஞ்சையை வேருக்குள்ள சேர்த்துக்காது.

இந்தத் தடவை பீட்டை மூணு தண்ணி அலசி உப்பை எடுத்தேன். நாத்து வேர்ல ஒட்டுற மாதிரி குழிக்குள்ளயே வேம் தூவினேன். கோகோபீட்ல தானா சத்து இல்லாததால உரத்தை நிறுத்தலை; 19:19:19 கால் பங்கு, கால்சியம் நைட்ரேட் வேற நாள்ல தனியா. ரெண்டையும் கலந்தா அடியில வெள்ளையா படிஞ்சிடும்.

நேத்து ஒரு பையைப் பிரிச்சேன். பூஞ்சை கண்ணுக்குத் தெரியாது, ஆனா பொடிப்பொடி வெள்ளை வேர் பீட்டை அப்படியே கவ்வியிருக்கு. அவ்வளவு சந்தோஷம்!

முள்ளங்கி பத்திக் கேட்டவங்களுக்கு: அதுக்கு வேம் வாங்காதீங்க, முள்ளங்கி கடுகு குடும்பம், அந்தக் குடும்பத்தோட வேம் சேராது.