கும்பகோணம் - டொரொண்டோ கணினி வழிப் பாட்டு வகுப்பு: குரல் தாமதத்தை எப்படிச் சோதிப்பது?

குடந்தைக்காரன்:

வணக்கம். அம்மா கும்பகோணத்தில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். அக்கா மகள் டொரொண்டோவில் இருந்து கற்றுக்கொள்கிறாள். இங்கே சனிக்கிழமை காலை ஏழு மணி, அவளுக்கு வெள்ளி இரவு ஒன்பதரை. வீடியோ வேண்டாம், குரல் மட்டும் நன்றாகக் கேட்டால் போதும் என்று இரண்டு வீட்டுக் கணினியிலும் மம்பிள் என்ற குரல் அரட்டைச் செயலியைப் போட்டோம். சர்வர் அக்கா வீட்டில் ஓடுகிறது.

அம்மா தாளம் போட்டால் குழந்தை எப்போதும் பின்தங்கியே வருகிறாள். சுருதிப்பெட்டிச் சத்தம் அங்கே சில நொடி கேட்டுவிட்டு மங்கிப்போகிறது. சில வாரம் குரல் வெட்டி வெட்டி வருகிறது. வேகச் சோதனை போட்டால் 100 எம்பி முழுசாகக் காட்டுகிறது. அம்மாவுக்கு இந்த வகுப்பு ரொம்ப முக்கியம். கோளாறு எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்கார்பரோ வாசி:

தம்பி, முதலில் ப்ளூடூத் ஹெட்செட்டைக் கழற்றி வையுங்கோ. அது தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும், மைக்கும் சேர்ந்து ஓடினால் பாட்டின் தரமும் விழும். இரண்டு பக்கமும் வயர் ஹெட்போன், ரவுட்டரில் இருந்து கணினிக்குக் கேபிள். யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் அம்மாவோடு பேசும்போது இந்த இரண்டும்தான் பெரிய வித்தியாசம் காட்டின.

பழைய மோடம்:

மேலே சொன்னதைக் கட்டாயம் செய்யுங்கள். அப்புறம் அந்த 100 எம்பியை மறந்துவிடுங்கள். 1995-ல் வோகல்டெக் நிறுவனத்தின் இன்டர்நெட் போன் வந்தபோது 28.8 கிலோபிட் மோடத்தில்தான் கண்டம் விட்டுக் கண்டம் பேசினார்கள். தொலைபேசிக் குரலை எண்ணாக மாற்றும் பழைய முறையான ஜி.711 கோடெக்கிலேயே 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் (சின்னத் தரவுப் பொட்டலம்), அதில் 160 பைட் குரல், முகவரி முதலிய விவரத்துக்கு 40 பைட் தலைப்பு, ஆகமொத்தம் நொடிக்கு 80 கிலோபிட்தான். மம்பிளில் இருக்கும் ஓபஸ் என்ற புதிய கோடெக் அதைவிடக் குறைவிலேயே பாட்டை நன்றாகக் கொடுக்கும். உங்களுக்குத் தேவை மூன்று அளவு: தாமதம், அதன் ஏற்ற இறக்கம், பாக்கெட் இழப்பு.

தூரத்தின் பங்கு எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். சென்னையில் இருந்து டொரொண்டோவுக்கு மிகக் குறுகிய வழியே 13,000 கி.மீ.க்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும். போவதற்கு மட்டும் 65 மில்லிசெகண்ட், யார் நினைத்தாலும் குறைக்க முடியாது. கேபிளும் நேராகப் போவதில்லை, கடல் கடலாகச் சுற்றுகிறது. பிங், அதாவது ஒரு சின்னப் பாக்கெட் போய்த் திரும்பி வரும் நேரம், 250 மில்லிசெகண்டை ஒட்டி வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. சேர்ந்து பாடும் கதை வேறு. 30-ஐத் தாண்டினாலே தாளம் இழுக்க ஆரம்பிக்கும். ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் தாளம் போடுவது இந்தத் தூரத்தில் நடக்காது. அம்மா ஒரு சங்கதி பாடி நிறுத்தட்டும், குழந்தை தன் கைத் தாளத்தோடு திருப்பிப் பாடட்டும். பின்தங்குவது அவள் தப்பே இல்லை என்பதைத் தயவுசெய்து அம்மாவிடம் சொல்லுங்கள்.

பிங் நெட்வொர்க்கை மட்டும்தான் அளக்கும். வாயில் இருந்து காது வரை அளக்கக் கைதட்டல் சோதனை இருக்கிறது. டொரொண்டோவில் எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலேஷனை அணைத்துவிட்டு, ஹெட்போனின் ஒரு காதை மைக்கின் மேல் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். இங்கே உங்கள் ஹெட்போன் பக்கத்தில் செல்போனில் ரெக்கார்டிங் போட்டு, மைக்கை இரண்டடி தள்ளி வைத்து, ஒரே ஒரு தட்டு. பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தச் செயலியில் திறந்தால் இரண்டு முள் மாதிரி தெரியும்: உங்கள் தட்டு, அது போய்த் திரும்பிய தட்டு. இடைவெளியில் பாதி ஒரு வழித் தாமதம். அதில் பிங்கின் பாதியைக் கழித்தால் மிச்சம் முழுக்க ஹெட்செட், சவுண்ட் கார்டு, பஃபர் (ஒலியைச் சற்றுச் சேர்த்துவைக்கும் இடம்). நீங்கள் கை வைக்கக்கூடிய இடம் அதுதான்.

சுருதிப்பெட்டியை விழுங்குவது இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் சப்ரஷன். மாறாமல் ஒலிக்கும் எதையும் அது மின்விசிறிச் சத்தம் என்றே எடுத்துக்கொள்ளும். அதை அணையுங்கள். குரல் வந்தால் மட்டும் அனுப்பும் அமைப்பையும் மாற்றித் தொடர்ந்து அனுப்ப விடுங்கள். இல்லையென்றால் மெதுவாக எடுக்கும் ஷட்ஜம் பாதி வெட்டுப்பட்டுத்தான் போகும்.

குரல் வெட்டி வருவதற்குக் காரணம் தேட, வகுப்பு நடக்கும்போதே பிங்கை ஓடவிட்டுப் பாருங்கள். எண் திடீரென்று ஏறினால் யாரோ அப்லோட் செய்கிறார்கள். மம்பிள் யூடிபியில் (தொலைந்த பாக்கெட்டுக்குக் காத்திருக்காத அனுப்பும் முறை) போகிறதா என்றும் பார்க்க வேண்டும். அது அடைபட்டால் தானாக டிசிபிக்கு (எல்லாவற்றையும் வரிசை தவறாமல் சேர்க்கும் முறை) மாறிவிடும், அப்புறம் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் பின்னால் வருவதெல்லாம் காத்து நிற்கும்.

குடந்தைக்காரன்:

சார், எல்லாம் செய்து பார்த்தோம். பிங் 248. ப்ளூடூத்தோடு கைதட்டல் இடைவெளி 810 மில்லிசெகண்ட், வயர் போட்டதும் 430. சுருதி இப்போது கடைசி வரை நிற்கிறது, அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! யூடிபியில்தான் போகிறது. ஆனால் அங்கே இரவு பத்து மணி வாக்கில் அக்கா வீட்டுப் பக்கம் பிங் 700 வரை ஏறியது. அத்தான் லேப்டாப்பில் இரவு பேக்கப் அந்த நேரத்துக்கு வைத்திருக்கிறார்.

பழைய மோடம்:

810-ல் இருந்து 430, அருமை! பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அங்கே ரவுட்டரில் எஸ்க்யூஎம் (காத்திருக்கும் பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்லோட் வரம்பை அளந்த வேகத்தில் 85, 90 சதவீதமாக வையுங்கள். வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரிலேயே நிற்கும், குரல் பாக்கெட் முந்திப் போய்விடும். வைத்த பிறகு பேக்கப்பை வேண்டுமென்றே ஓடவிட்டு இன்னொரு கைதட்டல் எடுத்து எண்ணை இங்கே போடுங்கள்.